தேயாத பாய்

லேம் தோங் மீன் சந்தையில் விற்போர், வாங்குவோர், கூடை சுமப்போர், கருவாடு புரட்டுவோர் மற்றும் இப்பூவுலகில் கால் ஊன்றி நடக்கும் சகல மனிதர்களுக்கும் அன்று காலை ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கப்பட்டது யாதெனில்: கடலின் கண்ணீர் இன்றோடு துடைக்கப்பட்டுவிட்டது.

துடைத்த சாதனம் சந்தை வாசலில் விரிந்து கிடந்தது. கறுப்பு ரப்பர் பாய். வாசலின் அகலம் முழுக்க, ஒரு படகு நீளத்துக்கு. உற்றுப் பார்த்தால் கறுப்புக்குள் நறுக்கிய வெள்ளை இழைகள் தெரியும், எள்ளுருண்டையில் தேங்காய்த் துருவல் கலந்த மாதிரி.

“இது பாய் அல்ல!” என்று முழங்கினார் ஆச்சான் வொரவுத். தென்பகுதி ரப்பர் கலவை ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர்; ‘ஆச்சான்’ என்றால் பேராசிரியர். எந்தப் பொருளையும் முதலில் அது அதுவல்ல என்று நிரூபித்துவிட்டுத்தான் அவரால் மேலே பேச முடியும். “இது ஒரு நாகரிகத்தின் மறுபிறவி! கடலில் வீசி எறியப்பட்ட வலை, நம் மரங்கள் சிந்திய ரப்பர் பாலோடு கைகோத்திருக்கிறது. இதிலுள்ள ஒவ்வொரு இழையும் நம் சமோன் அம்மையாரின் ‘சோக் சமோன்’ படகில் உழைத்த வலை! இனி அந்த வலை ஆமையின் கழுத்தை நெரிக்காது. உங்கள் காலடியில் கிடக்கும்!”

அதுவரை கைதட்டிய கூட்டம் ‘காலடியில்’ என்ற சொல்லோடு தட்டுவதை நிறுத்தியது.

ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற, மையத்தின் ஒப்பந்த ஆய்வாளன் சுரசிட்டின் வலது கால் ஆட ஆரம்பித்தது. அது அவனுக்குப் பழைய வியாதி. மனசில் ஏதாவது உறுத்தினால் கால் தானாக ஆடும். கல்யாணத்தன்று புத்த பிட்சுகள் முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஆடியது, இன்று வரை மாமனார் அதை மறக்கவில்லை.

ரிப்பன் வெட்டப்பட்டது. முதல் ஆளாகக் கணவாய்க் கூடையோடு ஒரு பெண் வந்தாள். பாயின் விளிம்பில் நின்றாள். கூடையை இறக்கிவைத்தாள். இரண்டு கையையும் கூப்பிப் பாயைக் கும்பிட்டாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து ஐஸ் தண்ணீர்ச் சாக்கடையில் கணுக்கால் வரை இறங்கி, சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அவளுக்குப் பின்னால் வந்தவளும் சாக்கடையில் இறங்கினாள். அதற்குப் பின்னால் சந்தையே இறங்கியது.

“என்னப்பா இது?” என்றார் ஆச்சான், ஒலிபெருக்கியை அணைக்காமல்.

“ஆச்சான், படகு வலைன்னு சொல்லாதீங்கன்னு நான் அன்னிக்கே…”

“சொன்னா என்ன?”

“இவங்க வலையைத் தாண்டக்கூட மாட்டாங்க ஆச்சான். படகோட மூக்குல மே யானாங் தாய் குடியிருக்கா, அவளோட முந்தானைதான் வலைன்னு நினைக்கிறவங்க. நீங்க அந்த முந்தானையை வாசல்ல போட்டு மிதிங்கடான்னு மைக்குல சொல்லிட்டீங்க.”

இந்த உரையாடலும் ஒலிபெருக்கியில் போனது. அதுவரை விவரம் தெரியாமல் வந்துகொண்டிருந்த வெளியூர் லாரிக்காரர்களும் சாக்கடை வழியைப் பிடித்தார்கள்.

பாய் தேய வேண்டும். சுரசிட்டின் பிழைப்பு மொத்தமும் அந்த ஒரு சொல்லில்தான் தொங்கியது. உப்புத் தண்ணீர், மீன் செதில், தள்ளுவண்டிச் சக்கரம், ஆயிரம் கால்கள் எல்லாம் அதன் மேல் போய்வர வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் நிதிக்குழு வரும். பாய் எவ்வளவு குறைவாகத் தேய்ந்திருக்கிறது என்று அவன் கணக்குக் காட்ட வேண்டும். காட்டினால் திட்டம் நீளும், அவனுடைய ஒப்பந்தமும் நீளும். யாருமே மிதிக்காத பாய்க்குத் தேய்மானக் கணக்கு ஏது? காட்டாவிட்டால் மாமனாரின் ரப்பர் தோட்டம். நடுநிசியில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகக் கீறிப் பால் இறக்க வேண்டும். பக்கத்தில் மாமனார் நின்றுகொண்டு, “பாத்துக் கீறுங்க டாக்டர், மரத்துக்கு வலிக்கும்” என்பார். சுரசிட் டாக்டர் இல்லை. அது மாமனாருக்கும் தெரியும்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பாய் நல்ல பாய். அதை ஆச்சான் செய்யவில்லை, சுரசிட் செய்தான். முதலில் நறுக்கிய வலை இழையை ரப்பரோடு உருளையில் அரைத்தபோது இழை ஒட்டவே இல்லை. வார்த்த துண்டை இழுத்துப் பார்த்தால் ரப்பர் ஒரு பக்கம் போயிற்று, இழை சேமியா மாதிரி வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தது. பிறகு இழையைப் பிசின் கலந்த ரப்பர் பாலில் முக்கி, உலர்த்தி, ஒரே திசையில் படுக்கும்படி உருளையில் விட்டு, கந்தகம் சேர்த்துச் சூட்டில் அழுத்தினான். சாதாரண ரப்பர் கிழியும் இழுவையில் இது சும்மா சோம்பல் முறித்தது. அன்று அவன் கால் ஆடவில்லை.

அதைவிடக் கஷ்டம் வலை கிடைத்ததுதான். ஆச்சானின் படக்காட்சியில் கடல் முழுக்கக் கைவிடப்பட்ட வலையாக மிதந்தது. லேம் தோங்கிலோ ஒரு முழம்கூடக் கைவிடப்படவில்லை. கிழிந்த வலை கோழிக்கூண்டில் இருந்தது, மிளகாய்ப் பாத்தி மேல் இருந்தது, ஊஞ்சலாகத் தொங்கியது. “பழைய வலை கொடுத்தால் புது மின்விசிறி” என்று மையம் பலகை வைத்த பிறகும் யாரும் அசையவில்லை. கடைசியில் சமோன் அக்காதான், வாரக்கணக்கில் யோசித்துவிட்டு, ஒரு சாக்கில் திணித்த வலையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. உப்பில் வெளுத்திருக்கும் என்று சுரசிட் நினைத்துக்கொண்டான். அவன் மலைப்பக்கத்து ரப்பர்க்காரன், மீனைத் தட்டில் மட்டும் பார்த்தவன். கழுவும்போது சேறும் புல்லும் நிறைய வந்தது. ஆச்சான் அதைக் கையில் எடுத்து முகர்ந்து, “கடற்புல்” என்று அறிக்கையில் எழுதச் சொன்னார்.

சமோன் அக்காவுக்கு மின்விசிறி கிடைத்தது. அவள் வீட்டில் ஏற்கெனவே மின்விசிறி இருந்தது, இரண்டு பக்கமும் காற்று வேண்டும் என்பது அவள் கட்சி.

மறுநாள் சுரசிட் சாக்கடைப் பக்கம் மூங்கில் வேலி போட்டான். இனிமேல் பாய் மேல் வந்தே ஆக வேண்டும்.

வந்தார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாயின் ஓரத்தில் விரல் நுனியால் தொட்டும் தொடாமலும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அப்படி நடந்தால் ரப்பர் எந்தக் காலத்தில் தேயும்? வாசலுக்கு வெளியே செருப்புக் குவிந்து, மாறி, சண்டையாகி, சந்தை அலுவலகத்துக்குப் புகார் போனது. தள்ளுவண்டிக்காரர்கள் வண்டியோடு படகில் ஏறிக் கடல் வழியாகச் சந்தைக்குள் இறங்கினார்கள்.

ஒருத்தி மட்டும் பாய் மேல் தாராளமாக நடந்தாள். சமோன் அக்கா. காலையில் ரப்பர் பூட்ஸோடு தட்தட்டென்று வருவாள், போவாள்.

“பாத்தீங்களா, அக்கா மிதிக்கிறாங்க!” என்று சுரசிட் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

“அவ தாயோட வீட்டுக்காரி. அவளுக்கு உரிமை இருக்கு. உனக்கு என்ன இருக்கு ரப்பர் சார்?” என்றாள் கணவாய்க்காரி.

சமோன் அக்கா தட்தட்டென்று உள்ளே போனாள். அவள் பூட்ஸ் ஒரு ஜோடிதான். ஒரு ஜோடிக் கால் போதாது.

சாயங்காலம் சுரசிட் சந்தைக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்குப் போனான். அங்கே தினமும் கூடை சுமப்பவர்களுக்கும் ஐஸ் தொழிற்சாலைக்காரர்களுக்கும் கால்பந்து. சந்தை அணியின் புரவலர் சமோன் அக்கா. பந்து, சட்டை, எலுமிச்சைத் தண்ணீர் எல்லாம் அவள் பொறுப்பு. அணியின் கோல்காப்பாளன் சக், கூடைக்காரர்களில் பெரியவன். ஆணி வைத்த பூட்ஸ் போட்ட இருபத்திரண்டு பேர் பாய் மேல் நாலு தடவை போய்வந்தால் போதும் என்பது சுரசிட்டின் திட்டம்.

அவன் போன நேரம் மைதானத்தில் ரகளை.

“கோல்டா!”

“எங்கடா கோல்? கம்பத்துக்கு வெளிய போச்சு!”

“உள்ள போயிதான்டா வெளிய போச்சு! வலை இருந்தா தெரியும்ல?”

“வலையை மழைக்காத்து கொண்டுபோச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்? என் மூஞ்சிக்கு நேரா வந்தா நான் பிடிக்கமாட்டேனா?”

பந்து சக்கின் கம்பங்களைத் தாண்டிப் போய், காயவைத்திருந்த இறால் விழுதுத் தட்டில் உட்கார்ந்திருந்தது. தட்டுக்காரி கையில் கத்தியோடு அதன் பக்கத்தில் நின்றாள். எதிர்ப்பக்கக் கம்பத்தில் வலை பத்திரமாக இருந்ததால் ஐஸ்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் வாங்கும் கோலெல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாத கோல்.

சுரசிட் இடைவெளி பார்த்து விஷயத்தைச் சொன்னான். சக் பூட்ஸைக் கழற்றித் தரையில் வைத்தான், அடிக்கத்தான் கழற்றுகிறான் என்று நினைத்து சுரசிட் ஓர் அடி பின்வாங்கினான்.

“ரப்பர் சார், எங்கப்பா கடல்ல போனவரு. அவர் படகோட தாய் மேல ஆணி பூட்ஸ் போட்டு ஏறச் சொல்றீங்களா?”

“அது உங்கப்பா படகு வலை இல்லையே சக்.”

“எல்லாப் படகுக்கும் தாய் ஒருத்திதான். கேட்டுக்கோங்க அக்காவை.”

சமோன் அக்கா எலுமிச்சைத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே, “அவனவன் நம்பிக்கை தம்பி. நாம என்ன சொல்றது?” என்றாள். அப்போது அவளுக்கு லேசாக விக்கல் எடுத்தது.

வேறு வழியில்லை, நானே நடக்கிறேன் என்று முடிவு செய்தான் சுரசிட்.

மத்தியானம் சந்தை தூங்கும் நேரம். மீன் விற்று முடித்தவர்கள் பெஞ்சுகளில் சாய்ந்திருப்பார்கள். சுரசிட் பாயின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தான். வேகமாக நடந்தான். குதித்தான். குதிகாலைத் திருகினான். கால் ஆடும் வியாதி அன்று முதல்முறையாகப் பயன்பட்டது. ‘ஆயிரம் பேர் நடக்கிற நடையை ஒரே ஆள் நடந்தால் விஞ்ஞானத்துக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?’ என்று யோசித்துக்கொண்டே திரும்பிய இடத்தில், யாரோ கும்பிட்டு வைத்துவிட்டுப் போயிருந்த கெளுத்தி மீன் கிடந்தது.

அவன் ஒரு பக்கம் போனான். செருப்பு ஒரு பக்கம் போனது.

விழுந்த சத்தத்தில் சந்தை எழுந்தது. கணுக்கால் மாம்பழம் அளவுக்கு வீங்கிக்கொண்டிருந்தது. தூக்கிவிட ஒருவர்கூட வரவில்லை. பாய் மேல் கால் வைக்காமல் அவனை எப்படி எடுப்பது என்று ஆலோசனை நடந்தது. கடைசியில் படகுக் கொக்கியைச் சட்டைக் காலரில் மாட்டி இழுத்தார்கள்.

“தாய் அடிச்சிட்டா,” என்றாள் கணவாய்க்காரி.

“லேசாத்தான் அடிச்சிருக்கா. படிச்ச பையன்னு பாத்திருப்பா,” என்றான் சக். பிறகு பாய் நடுவில் கவிழ்ந்து கிடந்த செருப்பைப் பார்த்தான். அடிப்பக்கத்தில் 42 என்று அச்சடித்திருந்தது.

சந்தை முழுக்க அந்த எண்ணை எட்டிப் பார்த்தது. அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, லாட்டரிச் சீட்டு விற்கிறவள் உட்கார்ந்திருந்த பக்கம் நகர்ந்தார்கள்.

அந்தக் குலுக்கலில் கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்திரண்டு.

சுரசிட் கட்டுப்போட்ட காலைத் தலையணையில் வைத்துப் படுத்திருந்தபோது மனைவி கேவ் செய்தியோடு வந்தாள். “சந்தையில எல்லாருக்கும் விழுந்திருக்காம். ஐஸ்காரங்களுக்குக்கூட.”

“ம்.”

“உன் செருப்புதானே?”

“ஆமா.”

“நீ வாங்கினியா?”

சுரசிட் சுவரைப் பார்த்தான்.

“அப்பா வாங்கியிருக்காரு,” என்றாள் கேவ். “செருப்பளவு மாத்திராதீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொன்னாரு.”

சுரசிட் ஊன்றுகோலோடு சந்தைக்குத் திரும்பிய அன்று பாயை அடையாளம் தெரியவில்லை. நாலு மூலையிலும் மூங்கில் நட்டு, படகு மூக்கில் கட்டுவது போல மூன்று நிறத் துணி கட்டியிருந்தார்கள். சிவப்பு சோடா பாட்டில்கள், உறிஞ்சு குழலோடு, தாய்க்குப் படையலாக வரிசையில் நின்றன. குனிந்திருந்தவர்கள் பாயில் டால்கம் பவுடரைத் தேய்த்து, இழைகளில் அடுத்த குலுக்கலின் எண்ணைத் தேடினார்கள். நம்பர் கிடைத்தவர்கள் நன்றிக்குத் தங்க ரேக்குத் தாள் ஒட்டினார்கள். கறுப்புப் பாய் பாதி பொன்னிறமாகியிருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கடை. மாலை, ஊதுவத்தி, சோடா, தங்க ரேக்கு. கடையில் சமோன் அக்கா, இரண்டு பக்கமும் மின்விசிறி.

“அக்கா, நீங்களுமா?”

“வலை போச்சு, பிழைப்பு வேணாமா தம்பி?”

சுரசிட் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு மேட்டிலிருந்த மடத்துக்கு ஏறினான். பெரிய சாமியிடம் கதையைச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். “நாப்பத்தி ரெண்டுதானா?”

“சாமி, நீங்க வந்து இது வெறும் ரப்பர்தான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்க பேச்சைத்தான் கேப்பாங்க.”

பெரிய சாமி வந்தார். கூட்டம் கைகூப்பி உட்கார்ந்தது. அவர் பாயைத் தொட்டுப் பார்த்தார். “இது ரப்பர்,” என்றார் தெளிவாக. “இதுல தாய் இல்ல. இருந்திருந்தாலும் இப்ப போயிட்டா. தாராளமா மிதிங்க.” வந்ததற்கு முறையாக மந்திரம் சொல்லித் தண்ணீரும் தெளித்தார். மீதியைப் பாய் மேலேயே ஊற்றினார்.

எழுந்தார். சுரசிட் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பாதத்தையே பார்த்தான். பெரிய சாமி பாயின் விளிம்பு வரை வந்தார், ஒரு நிமிஷம் யோசித்தார், மூங்கில் வேலியை விலக்கிக்கொண்டு சாக்கடை வழியாகப் போனார்.

“சாமி!”

“எனக்கு எதுக்குப்பா வம்பு,” என்றார் சாமி, காவியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு.

அதுவரை பாய் தாயின் முந்தானையாக மட்டும் இருந்தது. இப்போது மந்திரித்த முந்தானை. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்து வர ஆரம்பித்தார்கள்.

நிதிக்குழு வரும் நாள் வந்தது. சுரசிட் விடிந்ததும் போய், ஊதுவத்திப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தடிமன் கருவியை வைத்து அளந்தான். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தான். பிறகு ஆச்சானுக்குப் போன் செய்தான்.

“ஆச்சான், பாய் தேயல.”

“அருமை!”

“அருமை இல்ல ஆச்சான். பாய் வளர்ந்திருக்கு. போட்டப்ப இருந்ததைவிட இப்ப தடிமன் ஜாஸ்தி.”

ஆச்சானின் மூளையில் பெரிய சொற்கள் இடம் மாறும் ஓசை இவனுக்கே கேட்டது போலிருந்தது.

“எதிர்மறைத் தேய்மானம்,” என்றார் மெதுவாக.

“தங்க ரேக்கு ஆச்சான். மேல பவுடர், மெழுகு.”

“காரணம் இரண்டாம் பட்சம், சுரசிட். விஞ்ஞானத்துல போக்குதான் முக்கியம். பயன்படுத்தப் பயன்படுத்த வளருகிற முதல் கலவை! உலகத்துல வேற யார்கிட்டப்பா இருக்கு?”

“நான் உண்மையைச் சொல்லிடறேன் ஆச்சான். யாரும் மிதிக்கலன்னு.”

“மிதிக்கலன்னு ஏன் சொல்றே? சமூகம் பராமரிச்சதுன்னு சொல்லு.”

சுரசிட்டின் கால், கட்டுக்குள்ளேயே, ஆட ஆரம்பித்தது.

குழு வந்தது. தலைவி அம்மையார், முத்து மாலை, உயர்குதிச் செருப்பு, முகத்தில் எதையும் நம்பாத களை. ஆச்சான், “இது பாய் அல்ல” என்று தொடங்கினார். அது பாயல்ல என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அம்மையார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். சுரசிட்டைக் கூப்பிட்டார்.

“செய்தது நீங்கதானா?”

“ஆமாம்மா.” சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான். தோட்டம் கண்முன் வந்தது, நெற்றி விளக்கு வந்தது, மாமனார் வந்தார். இருந்தாலும் சொன்னான். “அம்மா, இதை யாரும் மிதிக்கல. தேய்மானக் கணக்கு எங்கிட்ட இல்ல. ரப்பர் நல்ல ரப்பர், அது ஆய்வுக்கூடத்துல நிரூபிச்சது. இங்க எதுவும் நிரூபிக்கல.”

ஆச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மையார் பாயைப் பார்த்தார். துணிகளைப் பார்த்தார். சோடாக்களைப் பார்த்தார். பிறகு உயர்குதிச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முழங்காலிட்டுக் கும்பிட்டு, சமோன் அக்கா நீட்டிய தங்க ரேக்கை ஒரு மூலையில் ஒட்டினார். எழுந்து சுரசிட்டின் காதருகே வந்தார்.

“நாப்பத்தி ரெண்டு வலது கால்தானே? இடது காலும் அதே அளவா?”

“அதே அளவுதாம்மா.”

“சரி,” என்றார் அம்மையார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அப்புறம் குழுவின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “இருபது வருஷமா நானும் திட்டங்களுக்கு நிதி குடுக்கிறேன். பொதுச் சொத்தை ஜனங்க கையெடுத்துக் கும்பிட்டுக் காப்பாத்தி இன்னிக்குத்தான் பாக்கிறேன். போட்ட இடத்துல தேயல, கிழியல, திருட்டுப் போகல. தென்கரையில இருக்கிற எல்லா மீன்பிடித் துறைக்கும் ஒண்ணு வேணும். அஞ்சு வருஷத் திட்டம். இந்தத் தம்பி பொறுப்புல.”

ஆச்சான் கண்ணைத் திறந்தார். “எதிர்மறைத் தேய்மானம்…” என்று ஆரம்பித்தார்.

“ஆனா ஒரு நிபந்தனை,” என்றார் அம்மையார். “அதே வலையா இருக்கணும். வேற வலை போட்டா மத்த ஊர்க்காரங்க ஒத்துக்கமாட்டாங்க.”

“சோக் சமோனின் வலையேதான்!” ஆச்சான் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டார். “அந்தப் புனித இழை ஒவ்வொரு துறையிலும் மறுபிறவி எடுக்கும்! சமோன் அம்மையாரின் தியாகத்தை வரலாறு மறக்காது!”

கைதட்டல். தூரத்தில் மைதானத்தில் சக்கும் ஐஸ்காரர்களும்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தட்டினார்கள். சுரசிட் குனிந்து பார்த்தான். கால் ஆடவில்லை. அஞ்சு வருஷம். தோட்டம் இல்லை. நெற்றி விளக்கு இல்லை. இன்று சாயங்காலம் மாமனாருக்குத் தானே போன் செய்ய வேண்டும், ‘டாக்டர் பேசறேன்’ என்று ஆரம்பிக்க வேண்டும்.

ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கடைக்குப் போனான். சமோன் அக்கா மல்லிகை மாலை கட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்க புண்ணியம். கேட்டீங்கல்ல? அதே வலை இன்னும் வேணும். நிறைய வேணும். எவ்வளவு இருக்கு உங்ககிட்ட?”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மைதானத்தின் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“அதே வலைன்னா, ஐஸ்காரங்க பக்கத்துக் கோல்போஸ்ட்ல இருக்கிறதுதான் தம்பி மிச்சம்.”